ஏது: அளவை நூலிலும் மொழி நூலிலும்

அளவை நூலார் வழங்கும் சொற்களுள் இலக்கணத்திற்கும் உரியதாய் நிற்பது 'ஏது' என்பது. இது 'ஹேது' என்னும் வடசொல்லின் தமிழ் வடிவம். 'யாது' எனப் பொருள்படும் வினாச்சொல்லாகிய ஏது வேறு. நன்னூலார் ஐந்தாம் வேற்றுமைப் பொருள்களுள் ஒன்றாக ஏதுவைக் கூறினார். மணிமேகலை 29ஆம் காதையில் அறவண அடிகள் உரைக்கும் அளவை முறையிலோ, பக்கம், ஏது, திட்டாந்தம் என்னும் உறுப்புகளுள் இஃது இரண்டாவதாக நிற்கின்றது. ஈரிடத்தும் சொல் ஒன்றேயாயினும் பொருளும் ஒன்றோ என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

'தீயினாற் புகை உண்டாயிற்று', 'புகையினால் தீ உண்டென அறிந்தோம்' என்னும் இரு தொடர்களிலும் உருபு ஒன்றே. ஆயினும், முன்னதில் ஏது பொருளைத் தோற்றுவிக்கின்றது. பின்னதில் அறிவைத் தோற்றுவிக்கின்றது. புகை தீயை ஆக்குவதன்று, அறிவிப்பதேயாம். இவ்வேறுபாடு பற்றியே தண்டியலங்காரம் ஏது அணியைக் காரக ஏது, ஞாபக ஏது எனப் பகுத்தது. அனுமானத்திற்கு இன்றியமையாது வேண்டப்படுவது அறிவிக்கும் ஏதுவே.

இனி, இதன் பயனை மொழியாராய்ச்சியில் வைத்துக் காண்பாம். 'தமிழும் கன்னடமும் ஓரின மொழிகள். சொற்கள் ஒத்தலின்' என ஒருவர் கூறின், ஒப்புமை ஈண்டு ஞாபக ஏது. ஓரினமாதலே அவ்வொப்புமையை ஆக்கிய காரகம். ஆனால் இவ்வேது போதுமோ எனின், போதாது. 'ஜன்னல்' என்பது 'ஜனெலா' என்னும் போர்த்துக்கீசியச் சொல்லை ஒத்துளது. அதனால் தமிழும் போர்த்துக்கீசியமும் ஓரினமாகா. இனமொழியிலும் இனமல்லா மொழியிலும் ஒருங்கே செல்லும் இத்தகைய ஏதுவையே மணிமேகலை 'அநைகாந்திகம்' என்னும் ஏதுப்போலியாகக் கூறும்.

ஆகலின் ஏதுவை வரையறுத்தல் வேண்டும். பால், பல், புலி, பத்து என்னும் தமிழ்ச் சொற்களுக்குக் கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹுலி, ஹத்து என்பன நேராக நிற்கின்றன. பழங்கன்னடத்தில் இவை பகர முதலாகவே வழங்கின. உறுப்பும் எண்ணும் போன்ற அடிப்படைச் சொற்களிற் பரந்து, ஒழுங்குற அமைந்த இவ்வொலியியைபு, கடனாகப் புகுந்த சில சொற்களால் நேர்வதன்று. 'ஒத்தலின்' என்னாது, 'அடிப்படைச் சொற்களில் ஒழுங்குற ஒத்தலின்' என்றவழியே ஏது வலிமை பெறுகின்றது.

ஒரு சொல் பழஞ்சுவடியிற் காணப்படுதல் அதன் பழமையை அறிவிக்கும். காணப்படாமையோ அக்காலத்து அச்சொல் இன்மையை அறிவிக்கமாட்டாது. எழுதப்படாது வழக்கில் நின்ற சொற்களும் பலவாதலின் என்க. ஆராய்ச்சியாளர் 'ஆதலின்' என எழுதுந்தோறும், தாம் காட்டும் ஏது ஆக்குவதோ அறிவிப்பதோ என்பதனையும், அது மறுதலைப் பக்கத்தும் செல்லுமோ என்பதனையும் வினவிக்கொள்ளுதல் கடனாம்.