மலையகப் பிள்ளைகளின் மனச்சோர்வை எதைக் கொண்டு அளப்பது?

கட்டிளமைப் பருவத்தினரின் மனச்சோர்வையும் பதகளிப்பையும் அறிய உலகெங்கும் வினாக்கொத்துகளே பெரிதும் பயன்படுகின்றன. 2001ஆம் ஆண்டு வெளியான, 9 வினாக்களைக் கொண்ட நோயாளர் சுகாதார வினாக்கொத்து அவற்றுள் பரவலானது. கடந்த இரு வாரங்களில் தூக்கம் கெட்டதா, எதிலும் நாட்டமற்றுப் போனதா எனக் கேட்டு, 27 வரை புள்ளியிடுவார்கள். இறுதியில் ஒரு வினா தனித்து நிற்கும். இத்தொல்லைகளால் வேலை செய்வதும், வீட்டுக் காரியங்களைக் கவனிப்பதும், பிறருடன் பழகுவதும் எவ்வளவு கடினமாயின என்பதே அது. அதற்குரிய விடை மொத்தப் புள்ளியில் சேர்க்கப்படுவதில்லை. மலையகத் தோட்டங்களைப் பொறுத்தவரையில் முதலில் கேட்கப்பட வேண்டியது அந்தக் கடைசி வினாவே என்பது எமது கருத்தாகும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையால் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மண்மேடுகள் சரிந்தன. அதன் பின்னர் இரவு மழையில் திடுக்கிட்டு விழிக்கும் பிள்ளையை நோயாளி என்று எவரும் கூறமாட்டார். மறுநாள் அவள் பாடசாலை சென்று தோழியருடன் சிரித்துப் பேசி வந்தால் அவ்வச்சம் இயல்பானதே. மாதக்கணக்கில் இரவெல்லாம் விழித்திருந்து, பகலில் வகுப்பில் உறங்கி, பின்னர் பாடசாலைக்கே போகாமல் விடுவாளாயின் நிலைமை வேறு. ஆயினும், ‘மழைக்குப் பயமா?’ என்ற வினாவுக்கு இவ்விரு பிள்ளைகளும் ஒரே விடையையே அளிப்பர்.

பிரித்தானிய உளமருத்துவர் றொபேர்ட் குட்மன் 1990களில் உருவாக்கிய, தமிழிலும் கிடைக்கின்ற வினாக்கொத்து இவ்வேறுபாட்டைக் கருத்திற் கொண்டுள்ளது. அதன் 25 வினாக்களை அடுத்து வரும் பின்னிணைப்பு, வீட்டு வாழ்வு, நட்பு, வகுப்பறைக் கற்றல், ஓய்வுநேர ஈடுபாடு ஆகிய நான்கையும் தொல்லைகள் எந்தளவுக்குக் குலைக்கின்றன என்று வினவுகின்றது.

ஓய்வுநேரம் என்பது லயன் அறை வாழ்வில் எதைச் சுட்டும்? தாய் அதிகாலையில் பிரட்டுக்களத்துக்குச் செல்ல, பீலியில் தண்ணீர் பிடித்து, தம்பியைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, மாலையில் விறகு சேர்த்து வரும் 15 வயதுப் பெண்ணுக்கு அப்படியொன்று இருப்பதே அரிது. அவள் மனம் ஒடிந்த பின்னரும் அவ்வேலைகள் நிற்பதில்லை. நிறுத்த எவரும் விடுவதுமில்லை. ஆகவே வினாக்கொத்தில் அவள் குறைவின்றி இயங்குபவளாகவே பதிவாவாள். அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டால் வீட்டார் அதை அடக்கம் என்பர். சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னரே படிப்பை விட்டுக் கொழும்புக் கடையொன்றுக்குப் போகும் பையனின் இடைவிலகலை நாம் வறுமையின் கணக்கில் எழுதிவிடுகின்றோம். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கலாம். ஆனால் அதற்கு முந்திய ஆறு மாதங்களில் அவன் பந்து விளையாடவும் போகாமலிருந்தானா என்று எவரும் விசாரிப்பதில்லை. 2016இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஒத்துழைப்புடன் இலங்கையில் நடத்தப்பட்ட மாணவர் சுகாதார ஆய்வு தனிமையுணர்வைப் பற்றியும் கவலையால் தூக்கமிழப்பதைப் பற்றியும் கேட்டது. எனினும் வகுப்பறையில் இருந்தவர்களிடமே அது கேட்டது. பாடசாலையை விட்டு நின்ற பிள்ளை அக்கணக்கில் இல்லை.

வேறு நாட்டில் எழுதப்பட்ட அளவுகோல் உள்ளூர் வாழ்வுக்குப் பொருந்தாத இச்சிக்கல் ஆபிரிக்காவிலும் எழுந்தது. போல் பொல்டன், அலிஸ் டாங் ஆகிய ஆய்வாளர்கள் உகண்டாவிலும் ருவாண்டாவிலும் அதற்கொரு வழி கண்டனர். தம்மையும் குடும்பத்தையும் ஊரையும் பேண ஆண்களும் பெண்களும் ஆற்றவேண்டிய காரியங்கள் எவை என்று கிராம மக்களிடமே கேட்டு, அவர்கள் கூறியவற்றைக் கொண்டு அளவுகோலை அமைத்தனர். 2002இல் வெளியான இம்முறையை ஹட்டனிலோ பொகவந்தலாவையிலோ கையாண்டால் பட்டியல் எப்படி அமையும்? பீலிக்கரையில் பிறருடன் பேசி நிற்பது, மாசியில் காமன் கூத்துக்குப் போவது, திருவிழாவுக்கு உடுத்திச் செல்வது ஆகியன அதில் இடம்பெறலாம். நகரத்து முஸ்லிம் பிள்ளையாயின் குர்ஆன் மத்ரஸாவுக்குச் செல்வதும் நோன்பு திறக்கும் வேளையில் வீட்டாருடன் அமர்வதும் சேரும். இவற்றுள் பிள்ளை எதை விட்டுவிட்டது, எப்போதிலிருந்து என்பதே வினா.

எங்கே கேட்பது என்பதும் முக்கியமானது. பக்கத்து அறையில் பேசுவது கேட்கும் லயனில், தாயின் முன்னிலையில் வாசிக்கப்படும் வினாவுக்கு ‘ஒன்றுமில்லை’ என்பதே பதிலாக வரும். ‘பதகளிப்பு’ என்ற ஏட்டுச் சொல்லை விட ‘நெஞ்சு படபடக்கிறதா, சோறு இறங்குகிறதா?’ என்று கேட்பது நல்லது.

இவ்வாறு ஒரு பிள்ளையை இனங்கண்ட ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர் வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அனுப்பலாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தையும் அழைக்கலாம். உயிரை மாய்த்துக்கொள்ளப் போவதாகப் பிள்ளை சொல்லுமாயின், புள்ளிகளைக் கூட்டிக்கொண்டிராமல் அன்றே அழைத்துச் செல்ல வேண்டும்.