சதுரக் கட்டையும் வளைந்த காரும்

கொல்லன் இரும்பைக் காய்ச்சி வளைப்பான். குயவன் களிமண்ணைத் தன் விரல் நினைத்தவாறு குழைப்பான். தச்சன் மரத்தைச் செதுக்குவான். ஆனால், வளையாததும் குழையாததும் செதுக்கக் கூடாததுமான ஒரு பொருளைக் கொண்டு வளைந்த உருவமொன்றைச் சமைக்க வேண்டுமாயின் என் செய்வது? பிளாத்திக்குக் கட்டைகளால் பழைய மோட்டார் வண்டியின் உருவை அமைக்கப் புகுவோர் முதலில் எதிர்கொள்ளும் வினா இதுவே.

இக்கட்டைகளுள் உலகறிந்தது லெகோ என்பது. டென்மார்க் நாட்டின் பிலுண்ட் என்னும் ஊரில், தச்சர் ஒருவர் 1932ஆம் ஆண்டு தொடங்கிய தொழிலகத்தில் வளர்ந்தது அது. கட்டையின் மேற்புறத்தே குமிழ்களும் உட்புறத்தே குழல்களும் அமைந்து ஒன்றையொன்று இறுகப் பற்றும் முறைக்கு, 1958ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள் காப்புரிமை கோரப்பட்டது. அன்று வகுத்த அளவு இன்றும் மாறவில்லை. ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்த குமிழின் நடுவரை 8 மில்லிமீற்றர். கட்டையின் உயரம் 9.6 மில்லிமீற்றர். மெல்லிய தகட்டின் உயரம் அதில் மூன்றிலொன்று, அதாவது 3.2 மில்லிமீற்றர். ஆகவே ஐந்து தகடுகளை அடுக்கினால் 16 மில்லிமீற்றர் உயரமாகும். இரண்டு குமிழ்களின் அகலமும் அதுவே. இவ்வொற்றுமையினாலேயே கட்டைகளை மேல்நோக்கி அடுக்குவதோடமையாது, பக்கவாட்டிலும் திருப்பிப் பொருத்த இயலுகின்றது.

இனி, அமைக்க எடுத்துக்கொள்ளும் வண்டியைப் பார்ப்போம். இலங்கை நேயர்களுக்கு மொறிஸ் மைனரை அறிமுகஞ் செய்ய வேண்டுவதில்லை. அலெக் இசிகோனிஸ் என்னும் வடிவமைப்பாளரின் படைப்பாகிய அவ்வண்டி, 1948ஆம் ஆண்டு இலண்டன் மோட்டார்க் கண்காட்சியில் வெளிவந்தது. உற்பத்தி நின்றபோது 16 இலட்சத்துக்கு மேற்பட்டவை செய்யப்பட்டிருந்தன. நம் நாட்டுத் தெருக்களில் அவற்றுட் சில இன்றும் ஓடுகின்றன.

வண்டியைப் பன்னிரண்டிலொரு பங்காகக் குறுக்குவது வசதியானது; ஓர் அடி ஓர் அங்குலமாகிவிடும். மைனரின் அகலம் ஏறக்குறைய 5 அடி. உருவில் 5 அங்குலம். அதாவது 16 குமிழ்கள். நீளம் 12 அடி 4 அங்குலம்; அது 39 குமிழ்களாகும். முன்சில்லின் அச்சுக்கும் பின்சில்லின் அச்சுக்கும் இடையே 7 அடி 2 அங்குலம்; அது 23 குமிழ்கள். இம்மூன்று அளவுகளும் பிழைக்குமாயின், பின்னர் எத்துணை அலங்காரஞ் செய்யினும் அது மைனராகாது.

ஈண்டு ஒரு வரலாறு நினைவிற் கொள்ளத்தக்கது. உற்பத்தி நெருங்கிய வேளையில், தம் வண்டி ஒடுங்கித் தோன்றுவதாக இசிகோனிசுக்குப் பட்டது. மாதிரி வண்டியொன்றை நெடுக்கே இரண்டாக அறுப்பித்தார். இரு பாதிகளையும் சற்றுச் சற்றாக விலக்கச் செய்து, தம் கண்ணுக்கு இசைந்த இடத்தில் நிறுத்துவித்தார். இடைவெளி 4 அங்குலம். பொனற்றின் நடுவே ஓடும் தட்டையான பட்டை அவ்விடைவெளியின் அடையாளமே. முன்னரே செய்துவைத்த பம்பர்களையும் நடுவில் வெட்டி, துண்டு வைத்து இணைக்க நேர்ந்தது.

அந்த 4 அங்குலம் நம் உருவில் ஏறக்குறைய ஒரே ஒரு குமிழாகும். ஒரு குமிழ்தானே என்று விட்டுவிடலாமா? விட்டால் வண்டி மீண்டும் ஒடுங்கிவிடும். சேர்த்தாலோ வேறொரு சிக்கல் எழும். அகலம் 16 குமிழ்கள் என்பதால், நடுக்கோடு எட்டாவது குமிழுக்கும் ஒன்பதாவது குமிழுக்கும் இடையே விழும். ஒரு குமிழ் அகலமுள்ள பட்டையை எட்டில் வைத்தால் ஒரு பக்கம் சாயும். ஒன்பதில் வைத்தால் மறுபக்கம் சாயும். மூக்குக் கோணிய முகத்தைப் போல் வண்டி காட்சியளிக்கும்.

இதற்கு மருந்தாக ஒரு சிறு தகடு உண்டு. அதன் அடி இரண்டு குமிழ்களின் இடத்தைக் கொள்ளும். மேலே நடுவில் ஒற்றைக் குமிழ் மாத்திரம் இருக்கும். அதன்மீது வைப்பது அரைக் குமிழ் நகர்ந்து நடுவில் அமரும். ஆயினும் அந்த அரைக் குமிழ் மறைந்துபோவதில்லை; பொனற்றின் இரு ஓரங்களிலும் மீண்டும் தலைகாட்டும். மட்காட்டுடன் சேரும் இடத்தில் அதே தகட்டைக் கொண்டு அதனைச் சரிக்கட்ட வேண்டும். ஓரிடத்திற் செய்த திருத்தம் மற்றோரிடத்திற் கடனாக நிற்கும் என்பதைக் கட்டுபவர் இங்கே கற்கிறார்.

உறுதிக்கும் ஒப்புமைக்கும் இடையிலும் இத்தகைய வழக்கொன்று உண்டு. வீட்டுச் சுவரிற் செங்கல் வைப்பதுபோல், கீழ்வரிசையின் பொருத்துவாயை மேல்வரிசைக் கட்டை மூடிச் செல்ல வேண்டும். கதவு திறக்க வேண்டுமென விரும்பினால் அப்பிணைப்பு அறுந்துவிடும்; அடித்தளத்தை இருமடிப் பலப்படுத்தியே அவ்விருப்பத்தை நிறைவேற்றலாம். முன்கண்ணாடியும் ஒரு தெரிவைக் கேட்கும். 1956ஆம் ஆண்டுவரை அது நடுவே பிரிந்த இரு தட்டைக் கண்ணாடிகளாயிருந்தது. பின்னர் வளைந்த ஒரே கண்ணாடியாயிற்று. தட்டையான துண்டுகளையே கையில் வைத்திருப்பவருக்கு முந்திய வண்டியே இணங்கும்.

மட்காட்டின் வளைவு மாத்திரம் முற்றாகக் கைகூடாது. அருகிருந்து பார்ப்பவருக்குப் படிப்படியாகத் தோன்றும். நாலடி தள்ளி நின்றால் வளைவாகத் தெரியும். எல்லாவற்றையும் உள்ளவாறே வைக்க இக்கட்டைகள் இடந்தருவதில்லை. எதனை விடலாம், எதனை விடலாகாது என்று ஒவ்வோர் அடியிலும் அவை கேட்கின்றன. அதற்கு விடை கூறுமுன், தெருவில் நிற்கும் வண்டியைப் பல முறை சுற்றிவந்து பார்த்தாக வேண்டும். நாள்தோறும் கண்ட வண்டியின் பொனற்றில் அப்படியொரு பட்டை இருப்பதை அன்றுதான் பலர் முதன்முறையாகக் காண்பர். கட்டி முடித்த உருவம் பின்னொருநாள் கலைக்கப்பட்டுப் பெட்டிக்குள் போய்விடலாம். அன்று பழகிய கண் பார்வையை இழப்பதில்லை.