எரிபொருள் படிந்த கழனி மண்ணும் உறிஞ்சுபொருள்களும்: காஞ்சிபுரம் ஏரிப்பாசன நிலங்களை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

டீசல், கச்சா எண்ணெய் முதலியவை வேளாண் நிலத்தில் கசியும்போது உமி, வைக்கோல், இலவம்பஞ்சு போன்ற உறிஞ்சுபொருள்களைக் கொண்டு அவற்றை அகற்றும் முறை பரவலாகப் பேசப்படுகிறது. இம்முறை எவ்வாறு இயங்குகிறது, அதன் எல்லை எது, ஏரிப்பாசன நெல் நிலத்தில் அதனை எவ்வரிசையில் மேற்கொள்ள வேண்டும் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. உறிஞ்சுபொருள் எண்ணெயின் பரவலைத் தடுக்குமே அன்றி, மண்ணுள் இறங்கிய எண்ணெயை அழிப்பதில்லை என்பதே இக்கட்டுரையின் மையக் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: மண் மாசு, எரிபொருள் கசிவு, உறிஞ்சுபொருள், ஏரிப்பாசனம், காஞ்சிபுரம், உயிரிவழித் தூய்மையாக்கம்.

முன்னுரை

பட்டு நெசவுக்கும் கோயில்களுக்கும் பெயர்பெற்ற காஞ்சிபுரம், ஏரிகளால் வாழும் வேளாண் நிலப்பரப்பும் ஆகும். தென்னேரி, உத்திரமேரூர் முதலிய ஏரிகளின் நீர் மதகு வழியாகக் கால்வாயில் இறங்கி, கழனியிலிருந்து கழனிக்கு மடை வழியே பாய்கிறது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்ற தனிக் குழுவைக் குறிப்பிடுகின்றன. நீரைப் பொதுவில் பகிரும் இவ்வமைப்பில் ஒருவர் நிலத்தில் விழுந்த மாசு அவர் வரப்போடு நிற்பதில்லை. இன்று இதே மாவட்டத்தில் திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழிற்பகுதிகளும், டீசல் ஊர்திகள் இடையறாது செல்லும் நெடுஞ்சாலைகளும் கழனிகளை ஒட்டியே அமைந்துள்ளன. ஆகவே, எரிபொருள் கசிவை எதிர்கொள்ளும் முறையை முன்கூட்டியே அறிந்திருத்தல் இன்றியமையாதது.

தமிழ் நிலத்து முன்நிகழ்வுகள்

2017 ஜூன் 30 அன்று தஞ்சாவூர் மாவட்டம் கதிராமங்கலத்தில் வயல் வழியே செல்லும் எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகத்தின் குழாயிலிருந்து கச்சா எண்ணெய் கசிந்தது. ஊர்மக்கள் திரண்டனர், தீப்பற்றியது, காவல்துறையின் தடியடியும் கைதுகளும் தொடர்ந்தன. நிலத்தின் எதிர்காலம் குறித்த அச்சமே அப்போராட்டத்தின் அடிப்படையாக இருந்தது.

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் மின்நிலையப் பகுதியிலிருந்து நிலத்தில் சேர்ந்த எண்ணெய்க் கழிவு, சுண்ணாம்புக்கல் நிலத்தின் வழியே கிணறுகளை அடைந்தது. அவ்வழக்கில் இலங்கை உச்ச நீதிமன்றம் 2019இல் பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. மண்ணில் விழுந்த எண்ணெய் மண்ணோடு முடிவதில்லை என்பதற்குச் சுன்னாகம் சான்றாகும்.

எண்ணெய் மண்ணுக்குச் செய்வது

எரிபொருள்கள் ஹைட்ரோகார்பன்களின் கலவைகள். பெட்ரோலின் இலேசான கூறுகள் விரைவில் ஆவியாகும். அவற்றுள் ஒன்றான பென்சீன் புற்றுநோய் விளைவிக்கக்கூடியது. டீசலும் கச்சா எண்ணெயின் கனமான கூறுகளும் மண்ணிலேயே நெடுநாள் தங்கும். எண்ணெய் மண்துகள்களைச் சூழ்ந்து படியும்போது மண் நீரை ஏற்க மறுக்கிறது. துளைகள் அடைபட்டு வேருக்குக் காற்று கிடைப்பதில்லை. மேலும், எண்ணெயின் கரிமத்தை உண்டு பெருகும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைட்ரசனைத் தமக்கே எடுத்துக்கொள்வதால் பயிர் மஞ்சள் பூக்கிறது. பயிரின் இவ்வாட்டத்திற்கு எண்ணெயின் நச்சுத்தன்மையோடு ஊட்டக்குறையும் காரணம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

உறிஞ்சுபொருள்கள் இயங்கும் முறை

எண்ணெயைப் பிடித்து வைப்பதில் இருவகைச் செயல்கள் உள்ளன. நீர்மம் பொருளின் உட்புறத்தில் புகுந்து தங்குவது உறிஞ்சுதல். அதன் மேற்பரப்பில் மூலக்கூறுகள் ஒட்டிக்கொள்வது பரப்புக் கவர்தல். நல்ல உறிஞ்சுபொருள் எண்ணெயை ஏற்று நீரை விலக்க வேண்டும். இப்பண்பை வைத்தே உள்ளூர்ப் பொருள்களை மதிப்பிட இயலும்.

இலவம்பஞ்சின் இழை உள்ளீடற்றது. மேலே மெழுகுப் படலம் கொண்டது. ஆதலால் நீரில் மிதந்தபடியே எண்ணெயை ஏற்கும். தன் எடையைப்போல் ஏறத்தாழ 40 மடங்கு எண்ணெயை அது ஏற்பதாக 2000இல் வெளிவந்த ஜப்பானிய ஆய்வொன்று காட்டியது. உமியும் வைக்கோலும் அந்த அளவுக்கு ஏற்பதில்லை. எனினும் நெல் விளையும் ஊரில் உடனே, மிகுதியாகக் கிடைப்பவை அவையே. தென்னை நார்க்கழிவு நீரையும் மிகுதியாக உறிஞ்சுவதால் ஈரக் கழனியைவிடக் காய்ந்த தரைக்கே ஏற்றது. உமியைக் கருக்கிப் பெறும் கரி, பரப்புக் கவர்தலால் நச்சுக் கூறுகளைப் பற்றிக்கொள்கிறது.

காஞ்சிபுரம் என்றவுடன் பட்டுக் கழிவைப் பயன்படுத்தலாமே என்ற எண்ணம் எழுவது இயல்பு. பட்டுக்கூட்டுக் கழிவு எண்ணெயை நன்கு உறிஞ்சும் என ஆய்வுகள் கூறுவதும் உண்மை. ஆனால் கூடு வளர்ப்பும் நூற்பும் பெரும்பாலும் கர்நாடகத்தில் நடைபெறுகின்றன. காஞ்சிபுரத் தறிக்கு வருவது நூலாக்கப்பட்ட பட்டு. அதன் பசையை நீக்கியே சாயமேற்றுகின்றனர். ஆகவே தறியில் எஞ்சும் துணுக்குகள் பட்டுக்கூட்டுக் கழிவினின்று வேறுபட்டவை, அளவிலும் குறைந்தவை. ஒன்றைப் பற்றிய ஆய்வு முடிவை மற்றொன்றுக்கு அப்படியே பொருத்துதல் தகாது.

ஏரிப்பாசனக் கழனியில் செயல்வரிசை

நீர் நிற்கும் கழனியில் எண்ணெய் விழுந்தால் நீரை உடனே வடித்துவிடுவது பிழையாகும். எண்ணெய் நீரைவிட இலேசானது. நீர் நிற்கும்வரை அதன் பெரும்பகுதி மேலே மிதக்கும். நீர் வடிந்தால் எண்ணெய் மண்ணில் படிந்து துளைகளுக்குள் இறங்கும். மடை வழியே அடுத்த கழனிக்கும் செல்லும். எனவே, முதலில் கசிவின் மூலத்தை நிறுத்தி, மடைகளை அடைக்க வேண்டும். பின்பு, வைக்கோலையோ இலவம்பஞ்சையோ வலைப்பையில் திணித்து மிதவைத் தடுப்பாக இட்டு, எண்ணெயை ஓரிடத்தில் ஒதுக்கி எடுக்க வேண்டும். நீரை வெளியேற்ற வேண்டிய நிலை வந்தால், வரப்பின் அடியில் குழாய் பதித்துக் கீழ்நீரை மட்டும் வடிக்கலாம். மிதக்கும் எண்ணெய் உள்ளேயே நிற்கும். காய்ந்த நிலத்திலோ, எண்ணெய் இறங்குமுன் உறிஞ்சுபொருளைத் தூவி அள்ளுவதோடு, நனைந்த மேல்மண்ணையும் தனியே பெயர்த்தெடுக்க வேண்டும்.

இரு எச்சரிக்கைகள் தேவை. எரிபொருளை உறிஞ்சிய வைக்கோல் தானே எரிபொருளாகிவிடுகிறது. அருகில் நெருப்பு கூடாது. அதனை வரப்பில் குவிப்பதும் எரிப்பதும் மாசை இடம் மாற்றுவதே. எண்ணெய் கலந்த எச்சங்களும் எண்ணெய் படிந்த துடைப்புப் பொருள்களும் 2016ஆம் ஆண்டின் இந்திய அபாயகரக் கழிவு விதிகளின் அட்டவணையில் இடம்பெறுகின்றன. அவற்றைக் கும்மிடிப்பூண்டியில் உள்ளது போன்ற ஒப்புதல் பெற்ற கழிவு மையத்திற்கே அனுப்ப வேண்டும்.

எல்லையும் அடுத்த படியும்

மேற்பரப்பு எண்ணெயை அள்ளிய பின்னும் மண்துளைகளில் ஒரு பகுதி எஞ்சும். அதனை அழிப்பவை நுண்ணுயிர்களே. அவை விரைந்து செயற்படக் காற்றும் ஈரமும் ஊட்டமும் தேவை. கரிமம், நைட்ரசன், பாசுபரசு ஆகியவற்றை ஏறத்தாழ 100:10:1 என்ற விகிதத்தில் பேணுமாறு நூல்கள் பரிந்துரைக்கும். நீர் தேங்கிய நெல் வயலில் காற்று குறைவு. ஆதலால் மிதக்கும் எண்ணெயை எடுத்தபின் நிலத்தை உலர்த்தி, உழுது, தொழுவுரம் இடுதல் பயன்தரும். தில்லியைச் சேர்ந்த எரிசக்தி மற்றும் வளங்கள் நிறுவனம் உருவாக்கிய ‘ஆயில்சாப்பர்’ என்னும் நுண்ணுயிர்த் தொகுப்பு மக்காச்சோளக் கதிர்த்தண்டின் பொடியில் ஏற்றப்படுகிறது. இங்கு வேளாண் கழிவு நுண்ணுயிரைத் தாங்கும் ஊர்தியாகிறது.

கரி இடுவதில் ஒரு நுட்பமும் உண்டு. கரி நச்சைப் பற்றிக்கொள்வதால் பயிர் விரைவில் தேறலாம். ஆனால் பற்றப்பட்ட எண்ணெய் நுண்ணுயிருக்கு எளிதில் கிட்டாமலும் போகலாம். பச்சை திரும்பியதைக் கண்டு நிலம் தூய்மையாகிவிட்டது என முடிவு செய்யலாகாது. மண்ணிலும் அருகிலுள்ள கிணற்று நீரிலும் ஹைட்ரோகார்பன் அளவை ஆய்வகத்தில் சோதித்த பின்னரே உணவுப்பயிர் இட வேண்டும்.

முடிவுரை

கசிந்த முதல் மணிநேரங்களில் உமியும் வைக்கோலும் பெருந்துணையாகும். அவை உழவருக்குக் காலத்தை ஈட்டித் தருகின்றன. மண்ணை மீட்பது அதன்பின் வரும் நீண்ட பணி. அப்பணியின் செலவு யாருடையது என்பதற்கும் பாலாற்றுப் படுகையே விடை தந்துள்ளது. வேலூர்ப் பகுதித் தோல் தொழிற்சாலைகள் தொடர்பான வழக்கில் 1996இல் இந்திய உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே இழப்பீட்டோடு சூழலை மீட்கும் செலவையும் ஏற்க வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. அதே பாலாறு காஞ்சிபுரம் மாவட்டத்திலும் பாய்கிறது. இக்கோட்பாடு எரிபொருள் கசிவுக்கும் பொருந்தும். உமியைத் தூவி அள்ளியதோடு பணி முடிந்ததாகக் கொண்டால், எஞ்சிய எண்ணெயின் சுமை உழவரையும் அவர் கிணற்றையுமே சேரும்.