பைக்கிற்கும் ஒரு எக்ஸெல் பைல்

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "எக்ஸெல் இருக்கிறதே, அதை வைத்து வீட்டில் என்ன செய்வது?" என்பதுதான். பால் கணக்கு, மளிகைக் கணக்கு என்று தொடங்கி பத்தே நாளில் விட்டு விடுவார்கள். நான் தொடங்கியது பைக் கணக்கு. இன்று வரை விடவில்லை. அந்த பைல் ஒருமுறை என்னைப் பெரிய ஆபத்திலிருந்து காப்பாற்றியதுதான் காரணம்.

என்னிடம் இருப்பது ராயல் என்பீல்டு ஹிமாலயன், 411 சிசி. நீண்ட பயணத்திற்காக அதில் பல மாற்றங்கள் செய்திருக்கிறேன். பக்கவாட்டில் இரண்டு பெட்டிகள், உயரமான விண்ட் ஷீல்டு, மொபைல் சார்ஜர், 20 வாட்ஸ் கூடுதல் விளக்குகள் இரண்டு. (விளக்கு போடுபவர்கள் கவனிக்க: 40 வாட்ஸை 12 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 3.3 ஆம்பியர். இதை ரிலே, ப்யூஸ் இல்லாமல் நேரடியாக பேட்டரியில் கோர்க்கவே கூடாது.)

இனி பைலுக்கு வருவோம். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் பயன்படுத்தலாம். முதல் வரிசையில் தலைப்புகள்: ஏ-யில் தேதி, பி-யில் ஓடோமீட்டர் எண், சி-யில் பெட்ரோல் லிட்டர், டி-யில் மைலேஜ், ஈ-யில் குறிப்பு. ஒவ்வொரு முறையும் டேங்கை முழுமையாக நிரப்ப வேண்டும். நூறு ரூபாய்க்கு, இருநூறு ரூபாய்க்கு என்று போட்டால் கணக்கு வராது. இரண்டாம் வரிசையில் முதல் முறை நிரப்பிய விவரத்தை எழுதுங்கள். அடுத்த முறை நிரப்பியதும் மூன்றாம் வரிசையில் எழுதி, டி3 செல்லில் =(பி3-பி2)/சி3 என டைப் செய்து என்டர் தட்டுங்கள். செல் பெயர்களை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். என் பைலில் 8,240, பிறகு 8,581, போட்டது 11 லிட்டர், விடை 31. அந்த செல்லின் வலது கீழ் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால் மற்ற வரிசைகளுக்கும் பார்முலா வந்துவிடும்.

ஈ காலத்தை யாரும் மதிப்பதில்லை. எனக்கு முக்கியமானதே அதுதான். செயினுக்கு ஆயில் போட்டது (நான் 500 கி.மீ.க்கு ஒரு முறை போடுகிறேன்), டயர் காற்று, மாற்றிய பாகம் என எதுவானாலும் ஒரு வரி எழுதி விடுவேன்.

சென்ற ஆண்டு கொல்லிமலை போகத் திட்டமிட்டிருந்தேன். புறப்பட ஒரு வாரம் இருக்கும்போது பெட்ரோல் ரசீதுகளை பைலில் ஏற்றினேன். 29.1, 27.6, 26.2. ஒரு முறை குறைந்தால் டிராபிக் என்று விட்டு விடலாம். மூன்று முறை தொடர்ந்து இறங்கினால்?

ஆபீசில் புரோகிராம் திடீரென்று தகராறு செய்தால் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, "கடைசியாக எதை மாற்றினோம்?" என்பது. ஈ காலத்தில் பார்த்தேன். இறக்கம் தொடங்கும் இடத்தில், "புது பூட்ஸுக்கு ஏற்ப பின் பிரேக் பெடலை உயர்த்தினேன்" என்று இருந்தது. உயர்த்தியது நானேதான்.

சென்டர் ஸ்டாண்ட் போட்டு, நியூட்ரலில் பின் சக்கரத்தைக் கையால் சுற்றினேன். அரைச் சுற்றில் நின்றது. பெடலில் இருக்க வேண்டிய சிறு தளர்வை நான் அடியோடு எடுத்து விட்டிருக்கிறேன். காலை வைக்காமலே பிரேக் லேசாகப் பிடித்தபடி வண்டி ஓடியிருக்கிறது. பெட்ரோல் வீணானது சிறிய விஷயம். இப்படித் தேய்ந்துகொண்டே ஓடினால் டிஸ்க் சூடாகி, அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்குப் போகும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரிக்குக் கீழே கொதிக்காது. ஈரம் இழுத்துப் பழையதாகிவிட்டால் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். பெடலை மிதித்தால் குமிழ்தான் நசுங்கும், பிரேக் பிடிக்காது. கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது அது நடந்திருந்தால்... நினைக்கவே கை நடுங்கியது.

மறுநாளே மெக்கானிக்கிடம் போனேன். மேனுவலில் உள்ள அளவுக்குப் பெடலைத் திருப்பி வைத்தார். பேடுகள் காகிதம்போல் தேய்ந்திருந்தன. அவற்றையும் பிரேக் ஆயிலையும் மாற்றினோம். பெடலின் உயரம் காலுக்கு இன்னும் கொஞ்சம் இடைஞ்சல்தான், பழகிவிட்டது.

அதன்பின் பைலில் ஒரு வசதி சேர்த்தேன். டி காலத்தைத் தேர்வு செய்து, ஹோம் டேபில் கண்டிஷனல் பார்மேட்டிங், அதில் ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ், பிறகு லெஸ் தேன் கிளிக் செய்து 28 என்று கொடுத்தேன். அதற்குக் கீழே போனால் செல் சிவப்பாகிவிடும். உங்கள் வண்டிக்கு எந்த எண் என்பதை ஐந்தாறு முறை நிரப்பிய பிறகு முடிவு செய்யுங்கள். பைலை பென் டிரைவில் ஒரு காப்பி எடுத்து வைக்க மறக்காதீர்கள்.

கொல்லிமலைக்கு அதே வாரம் போனேன். இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே வந்தேன். அடிவாரத்தில் நின்று, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன். தாராளமாகச் சுற்றியது. வீடு திரும்பி ரசீதை ஏற்றியபோது டி காலத்தில் வந்த எண் 31.4.