திராட்சைத் தடம் – 14: வெந்தயம் மணக்கும் பீப்பாய்

ஜுரா மலையடிவாரத்தில் அர்புவாவுக்குப் போன வாரமே வந்துவிட்டோம். சவன்யான் திராட்சை, சாம்பல் நிறக் களிமண் சரிவு, 1906இல் விவசாயிகள் சேர்ந்து தொடங்கிய கூட்டுறவு ஒயின் ஆலை எல்லாம் நினைவிருக்கும். அந்த ஆலையின் வெள்ளை ஒயின்களோடு எதைச் சாப்பிடலாம் என்று இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். நடுவில் ஒரு வேதிப்பொருள் வந்து வழிமறித்துவிட்டது.

ஒயின் பீப்பாயை விளிம்பு வரை நிரப்பி வைப்பதுதான் பொதுவான வழக்கம். மரத்தின் வழியே ஆவியாகிக் குறையக் குறைய மேலே ஊற்றி ஈடுகட்டுவார்கள். காற்று புகுந்தால் ஒயின் காடியாகிவிடும் என்ற பயம். அர்புவாவிலும் அப்படிப் பொத்திப் பொத்தி வளர்க்கும் ஷார்டனே உண்டு. நல்ல ஒயின்தான், ஆனால் ஷார்டனே உலகமெங்கும் கிடைக்கிறது.

ஜுராக்காரர்கள் வான் ஜோன் என்ற மஞ்சள் ஒயினுக்கு இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். நன்றாகப் பழுத்த சவன்யானைத் தாமதமாக அறுத்து, சர்க்கரை முழுக்கத் தீரும்வரை நொதிக்கவிட்டு, பீப்பாயில் ஊற்றி, அப்படியே விட்டுவிடுகிறார்கள். குறைந்தாலும் ஊற்றுவதில்லை. மேலே காலியான இடத்தில் காற்று நிற்கும். அங்கே ஈஸ்ட் படர்ந்து ஒயினின் மேற்பரப்பை மூடும். ஆறிய பாலில் ஆடை கட்டுவதைப் போல வெளுத்து, சுருக்கம் விழுந்து கிடக்கும். ஒயின் காடியாகாமல் காப்பது இந்த மெல்லிய படலம்தான். அறுவடையிலிருந்து பாட்டிலுக்கு வர ஆறு வருடம் மூன்று மாதம் என்பது கணக்கு. எல்லாப் பீப்பாயும் தேறுவதில்லை. படலம் கிழிந்து கெட்டுப்போவதும் உண்டு. தேறியதை 62 சென்டிலிட்டர் பிடிக்கும் குட்டையான கிளாவ்லான் பாட்டிலில் அடைக்கிறார்கள். ஒரு லிட்டர் ஒயின் அத்தனை வருடத்தில் ஆவியானது போக மிஞ்சுவது அவ்வளவுதான் என்பார்கள்.

இந்தப் படலத்துக்கு அடியில் ஊறிய காலத்தில்தான் சோட்டலோன் உருவாகிறது. ஒரு லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் இருந்தாலே மூக்கு கண்டுகொள்ளும் பொருள் இது. வான் ஜோனை முகர்ந்தவர்கள் வால்நட் என்கிறார்கள், மசாலாப் பொடி என்கிறார்கள். அந்த மசாலா மணம் கற்பனையல்ல. நம் அஞ்சறைப் பெட்டி வெந்தயத்தின் மணத்துக்கு முக்கியக் காரணமும் இதே சோட்டலோன்தான். சூடான எண்ணெயில் வெந்தயம் விழுந்து சிவக்கும் அந்த நொடியை அறிந்தவர்களுக்கு, பிரான்ஸின் கிழக்கோரத்தில் இருக்கும் இந்த ஒயினின் பாதி மணம் ஏற்கெனவே பழக்கம். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை.

இதே வெந்தயம் நியூயார்க்கையும் ஒருமுறை அலைக்கழித்தது. 2005இல் மன்ஹாட்டன் தெருக்களில் திடீரென்று மேப்பிள் பாகு வாடை வீசியது. ஏதாவது தாக்குதலோ என்று மக்கள் பயந்து நகராட்சிக்குப் போன் போட்டார்கள். வாடை வந்து வந்து போனது. எங்கிருந்து வருகிறது என்று 2009இல்தான் துப்பு துலங்கியது: ஆற்றுக்கு அக்கரையில், நியூஜெர்சியில், நறுமணப் பொருள் செய்யும் ஒரு ஆலை வெந்தயத்தைப் பதப்படுத்திக்கொண்டிருந்தது. காற்று அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் நகரம் மணந்திருக்கிறது.

சாப்பாட்டுக்கு வருகிறேன். கோம்தே பாலாடைக்கட்டி முதலில். சுமார் 40 கிலோ எடையுள்ள ஒரு சக்கரத்துக்கு ஏறத்தாழ 400 லிட்டர் பால் வேண்டும். தனி ஒரு வீட்டு மாடுகளால் ஆகிற காரியமல்ல. அதனால் ஜுரா கிராமங்களில் பல நூற்றாண்டுகளாகப் பாலைச் சேர்த்து ஊற்றியே கட்டி செய்தார்கள். அர்புவாவின் திராட்சை விவசாயிகள் 1906இல் அந்த ஏற்பாட்டைத்தான் ஒயினுக்குக் கொண்டுவந்தார்கள். ஒன்றரை வருடமாவது முற்றிய கோம்தேயில் வால்நட் வாசம் ஏறியிருக்கும். ஒரு துண்டு கட்டி, கையோடு நாலு வால்நட், ஒரு வாய் வான் ஜோன். உள்ளூரில் இதுவே தலையாய பொருத்தம், எனக்கும் இதற்கு மேல் ஒன்று தோன்றவில்லை. ஒயினை ஐஸில் வைத்துக் கொல்லாதீர்கள். 15 டிகிரி போதும், சில மணி நேரம் முன்பே திறந்து வைத்துவிட வேண்டும்.

மொரேல் காளானும் பாலேடும் சேர்த்து மஞ்சள் ஒயினில் வேகும் கோழி அடுத்த வாரம். 1774ஆம் ஆண்டு விளைச்சலில் செய்து 2018 ஏலத்தில் 1,03,700 யூரோவுக்குப் போன வான் ஜோன் பாட்டிலின் கதையும் அதோடு.