செம்பரம்பாக்கம் கரையில் ஒரு கோல்ஃப் பாடம்

செம்பரம்பாக்கத்தில் கோல்ஃப் மைதானம் கிடையாது. பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர்ப் பக்கம் இருப்பவர்களில் பலர் இந்த ஆட்டத்தைப் பார்த்தது டிவியில்தான். பச்சைப் புல்வெளி, தொப்பி போட்ட ஒருவர், கண்ணில் படாத பந்து, மெல்லிய கைதட்டல். உடனே அடுத்த சானலுக்குப் போய்விடுகிறோம். அதில் தப்பில்லை. கேமரா ஆளைத்தான் துரத்துகிறது, தரையைச் சரியாகக் காட்டுவதில்லை. இந்த ஆட்டத்தில் ரசிக்க வேண்டியதில் பாதிக்கு மேல் தரையில் இருக்கிறது.

விதி எளிது. டீ என்ற இடத்தில் தொடங்கி, ஃபேர்வே வழியாகப் போய், கிரீன் என்ற வழவழப்பான புல்தரையில் உள்ள குழிக்குள் பந்தைச் சேர்க்க வேண்டும். இந்தப் பாதை முழுவதற்கும் சேர்த்து ஹோல் என்று பெயர். வழக்கமாக ஒரு மைதானத்தில் 18 ஹோல்கள். குறைந்த அடிகளில் முடிப்பவருக்கு வெற்றி. குழியின் விட்டம் நாலேகால் அங்குலம் என்று 1891-ல் முடிவானது. ஆனால் அந்தக் குழிக்குப் போகும் வழி எப்படி இருக்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்வதில்லை. சேப்பாக்கத்திலும் லார்ட்ஸிலும் கிரிக்கெட் பிட்ச் 22 கெஜம்தான். கோல்ஃபில் ஒரு ஹோல் வளையலாம், ஏறலாம், ஓடையைத் தாண்டலாம். இந்தச் சுதந்திரம் இருப்பதால்தான் மைதான வடிவமைப்பாளர் என்று ஒரு தொழிலே இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், அந்தத் தொழிலுக்கே பாடநூலாக இருக்கும் மைதானத்தை யாரும் வடிவமைக்கவில்லை. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸ், கடலுக்கும் விளைநிலத்துக்கும் நடுவே கிடந்த மணல்மேட்டுத் தரை. உழவுக்கு ஆகாது. நம்மூர்க் கணக்கில் சொன்னால் மேய்ச்சல் புறம்போக்கு. ஆடும் முயலும் கடித்துக் கடித்துப் புல் குட்டையானது. காற்றுக்கு ஆடுகள் ஒதுங்கிய பள்ளங்களில் மணல் வெளியே தெரிந்தது, அவைதான் பங்கர்கள் என்னும் மணற்குழித் தடைகள் ஆயின என்பார்கள். அங்கே கோல்ஃப் ஆட ஊர் மக்களுக்கு இருந்த உரிமையை 1552-லேயே ஒரு பட்டயம் ஒப்புக்கொள்கிறது. 1764-ல் 22 ஹோல்களை 18 ஆகக் குறைத்தார்கள். இன்று உலகம் முழுக்க 18 என்று ஆனது அதிலிருந்துதான். அந்த நிலம் இன்றும் பொதுச்சொத்து. வழக்கமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஆட்டம் கிடையாது. ஊர்க்காரர்கள் நாயைக் கூட்டிக்கொண்டு உலாவுகிறார்கள். கோல்ஃப் என்றாலே உறுப்பினர் அட்டையும் காவலாளியும் நினைவுக்கு வரும் நமக்கு இது கொஞ்சம் அதிசயம்தான்.

அங்குள்ள 17-வது ஹோலைப் பார்த்தால் வடிவமைப்பின் சூட்சுமம் பிடிபடும். வலப்பக்கம் ஒரு ஹோட்டல் வளாகம். அதன் மூலைக்கு மேலாகப் பந்தைப் பறக்கவிடத் துணிந்தால் ஃபேர்வேயின் வலது ஓரத்தில் இறங்கலாம். தவறினால் பந்து எல்லைக்கு வெளியே போகும், தண்டனையும் உண்டு. பயந்தவர் இடப்பக்கம் அடிக்கலாம், இடம் தாராளமாக இருக்கிறது. ஆனால் கிரீன் ஒடுங்கிப்போய்க் குறுக்குவாட்டில் கிடக்கிறது. இடமிருந்து வருபவருக்கு முன்னால் ஓர் ஆழமான பங்கர், பின்னால் ஒரு சாலை, அதற்கும் பின்னால் கற்சுவர். முதல் அடியில் தப்பித்த பயம் இரண்டாம் அடியில் வட்டியோடு வந்து நிற்கும். 1978 ஓபன் போட்டியில் ஜப்பானின் டாமி நாகாஜிமா இரண்டே அடியில் கிரீனுக்கு வந்துவிட்டார். அங்கிருந்து தட்டிய பந்து சரிவில் உருண்டு அந்தப் பங்கருக்குள் விழுந்தது. அதை வெளியே எடுக்க நாலு அடி. நாலில் முடிய வேண்டிய ஹோல் ஒன்பதில் முடிந்தது.

நல்ல ஹோல் ஆட்டக்காரரைத் தடுப்பதில்லை. துணிச்சலுக்கு ஒரு விலை, தயக்கத்துக்கு ஒரு விலை என்று வைத்துவிட்டு, எது வேண்டும் என்று கேட்கிறது. இதைத் தெளிவாக உணர்ந்தவர் அலிஸ்டர் மெக்கென்சி. மருத்துவர். தென்னாப்பிரிக்கப் போரில் போயர் வீரர்கள் நிலத்தோடு நிலமாகப் பதுங்கியதைப் பார்த்து, மனிதன் வெட்டிய பள்ளத்தை இயற்கையானதுபோல் காட்டும் வித்தையை மைதானத்துக்குக் கொண்டுவந்தார். ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸுடன் சேர்ந்து அமெரிக்காவில் அவர் அமைத்த அகஸ்டா மைதானம் 1933-ல் திறந்தபோது அதில் 22 பங்கர்கள்தான். ஓல்ட் கோர்ஸிலோ 112. எண்ணிக்கையைக் கூட்டினால் மைதானம் கடினமாகும், சுவாரசியம் கூடும் என்பதற்கு உத்தரவாதமில்லை. இன்றைய விலையுயர்ந்த மைதானங்கள் பலவற்றில் வெள்ளை மணலை அள்ளிக் கொட்டியிருப்பது பெரும்பாலும் புகைப்படத்துக்காகத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது செம்பரம்பாக்கம் ஏரிக்கரைக்கு வாருங்கள். தண்ணீர் விளிம்பு வளைந்து திரும்பும் ஓரிடத்தில் நில்லுங்கள். நிற்கும் இடம் டீ. விளிம்பை ஒட்டி வில்போல் வளைந்து போகும் தரை ஃபேர்வே. வளைவின் கடைசியில் கிரீன். நேராகக் குறிவைத்தால் நிறையத் தண்ணீரைத் தாண்ட வேண்டும், தாண்டினால் கிரீன் பக்கத்தில் வந்துவிடும். ஒதுங்கி அடித்தால் தண்ணீர் குறைவு, மீதித் தூரம் அதிகம். எவ்வளவு தாண்டுவது என்பது அவரவர் கையில், அவரவர் நெஞ்சில். இந்த அமைப்புக்குக் கேப் ஹோல் என்று பெயர். செயின்ட் ஆண்ட்ரூஸில் மாணவராக இருந்து ஆட்டம் பழகிய சார்லஸ் பிளேர் மெக்டொனால்ட், அமெரிக்காவின் நேஷனல் கோல்ஃப் லிங்க்ஸில் 14-வது ஹோலாக இதை அமைத்துப் புகழ்பெறச் செய்தார். நம் ஏரியில் இன்னொரு சுவையும் சேரும். நீர்மட்டம் முழு உயரமான 24 அடியில் நிற்கும்போது ஹோல் கடினம், கோடையில் நீர் உள்வாங்கினால் சுலபம். 2019 கோடையில் ஏரி வறண்டபோது ஹோலே இருந்திருக்காது. (யாரும் உண்மையாகவே திட்டம் போட்டுவிட வேண்டாம். இது சென்னை குடிக்கும் தண்ணீர்.)

தமிழ்நாட்டில் மலை மைதானங்களுக்கு வடிவமைப்பாளரின் வேலையில் பாதியைத் தரையே செய்து கொடுத்துவிட்டது. ஊட்டி வென்லாக் டவுன்ஸில் அலையலையான புல்மேடு. வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த மஞ்சள் பூ முட்புதர் கார்ஸ் அங்கே ஸ்காட்லாந்தை நினைவூட்டுகிறது. மைதானத்துக்கு அழகு, மலையின் சொந்தப் புல்வெளிக்குக் கேடு. 1895-ல் தொடங்கிய கொடைக்கானல் கிளப்பில் காட்டுமாடுகள் ஃபேர்வேயில் மேயும். அவை நகரும்வரை காத்திருப்பதுதான் புத்தி.

சமவெளியில் கதை வேறு. தண்ணீர் போதாத பல இந்திய மைதானங்களில் முன்பு கிரீனுக்குப் பதில் பிரவுன் இருந்தது. மணலில் எண்ணெய் கலந்து இறுக்கிய தட்டைத் தரை. பந்து ஒழுங்காக உருளும், ஆனால் நாகாஜிமாவைக் கவிழ்த்த மாதிரிச் சரிவுக்கு அதில் வழியில்லை. மெட்ராஸ் ஜிம்கானா கிளப்பின் கிண்டி மைதானம் குதிரைப் பந்தயத் தடத்துக்கு உள்ளேயே அமைந்தது. மேடு பள்ளம் இல்லாத தரையில் மரத்தை எங்கே விடுவது, பங்கரை எந்தக் கோணத்தில் வெட்டுவது, கிரீனை எந்தப் பக்கம் திருப்புவது என்பவைதான் கையில் இருக்கும் கருவிகள். அங்கே மனிதனின் முடிவுகள் பச்சையாகத் தெரியும் என்பதால், வடிவமைப்பைப் படிக்க மலை மைதானத்தைவிடத் தட்டையானதே நல்ல பள்ளிக்கூடம்.

2024 செப்டம்பரில் தமிழக அரசு, கிண்டிப் பந்தயத் தடத்தை நடத்திய ரேஸ் கிளப்பின் குத்தகையை ரத்துசெய்து, மைதானமும் சேர்ந்த அந்தச் சுமார் 160 ஏக்கரைத் திரும்ப எடுத்தது. வேளச்சேரிப் பக்கத்து வெள்ளத்தைத் தாங்கக் குளங்களும், பூங்காவும் அங்கே திட்டமிடப்பட்டன. வெள்ளத்தில் நின்ற ஊர்க்காரன் என்ற முறையில் நான் குளத்தின் பக்கம்தான். ஆனாலும் மைதானத்தின் வடிவமாவது பதிவில் இருக்கட்டும். மெக்கென்சி ஓல்ட் கோர்ஸின் ஒவ்வொரு பங்கரையும் மேட்டையும் அளந்து 1924-ல் வரைபடமாகப் போட்டார். கிண்டிக்கும் அப்படியொரு வரைபடம் எடுத்துப் பொதுவில் வைத்தால், குளம் வெட்டும் செலவோடு ஒப்பிட்டால் அது பெரிய தொகையாக இருக்காது.