வர்ணத்தைப் பார்க்காதே, பல்லைப் பார்!

சேலம் சீமையில் மேச்சேரி என்றதும் இரண்டு விஷயங்கள் நினைவுக்கு வரும். ஒன்று, பத்திரகாளியம்மன் கோயில். மற்றொன்று, செம்மறி ஆடு. கம்பளி ரோமம் இல்லாமல், சிவந்த பழுப்பு நிறத்தில், கடாவுக்கும் கொம்பு இல்லாமல் நிற்கும் மேச்சேரி ஆட்டின் தோலுக்கு வியாபாரிகளிடம் தனி மதிப்பு உண்டு. இந்த இனத்தைப் பேணுவதற்கென்றே பக்கத்துப் பொட்டனேரியில் 1978-ல் ஓர் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது.

சந்தையில் ஆடு பிடிக்கப் போகிற குடியானவர் மேல்தோலின் மினுமினுப்பை மட்டும் பார்த்து மடியை அவிழ்த்துவிடுவதில்லை. வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார்; முதுகை அழுத்திப் பார்ப்பார்; நாலடி நடக்கவிட்டுப் பார்ப்பார். இத்தனை கெட்டிக்காரர், அதே ஆட்டுக்குத் தீனி நறுக்கப் பழைய மிஷின் ஒன்று வாங்கப் போகும்போது மட்டும் பச்சை வர்ணத்தைக் கண்டு மயங்கிவிடலாமா?

சோளத்தட்டை முழுசாகப் போட்டால் ஆடுமாடுகள் இலையைத் தின்றுவிட்டுத் தண்டை ஒதுக்கிவிடும். நறுக்கிப் போட்டால் வீணாவது குறையும். அதற்காகத்தான் தட்டு வெட்டும் மிஷின். காகித ஆலைகளில் சவுக்கையும் தைலமரத்தையும் சில்லு சில்லாக நறுக்கித் தள்ளுகிறதே, அந்த ராட்சத யந்திரம் இதற்கு அண்ணன் முறை. மரம் நறுக்கும் யந்திரத்தை 1884-ல் ஜெர்மனியில் பீட்டர் ஜென்சன் என்பவர் உருவாக்கியதாகச் சொல்வார்கள். அண்ணனுக்கும் தம்பிக்கும் தத்துவம் ஒன்றே. சுழலும் சக்கரத்தில் கத்தி. எதிரே அசையாத இரும்புத் தகடு. இடையில் அகப்பட்டது துண்டு. அது சோளத்தட்டா, சவுக்குக் கட்டையா, மனிதனின் விரலா என்று கத்திக்குத் தெரியாது!

பழசைப் புதுசாக்கும் வித்தை

மாட்டை விற்றுவிட்டவர் வீட்டில் மூலையில் கிடக்கும் மிஷின் பட்டறைக்கு வருகிறது. நல்ல தொழிலாளி முதலில் வர்ண டப்பாவைத் தொடமாட்டார். மிஷினை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றுவார். பழைய மசகையும் மண்ணையும் மண்ணெண்ணெயில் கழுவுவார். தேய்ந்த பேரிங்கையும் பல்லுடைந்த சக்கரங்களையும் மாற்றுவார். கத்தியைச் சாணைக் கல்லில் தீட்டும்போது அடிக்கடி தண்ணீரில் தோய்ப்பார். சூடேறி நீலம் பாரித்தால் எஃகின் பதம் போய்விடும். எல்லாக் கத்திகளையும் ஒரே அளவாகத் தீட்டுவார். ஒன்று கனத்து ஒன்று இளைத்தால் சக்கரம் ஆட்டம் போடும். துருவைச் சுரண்டிச் செங்காவிப் பூச்சு பூசிய பிறகே எனாமல் வர்ணம்.

இன்னொரு வகை வித்தைக்காரரும் உண்டு. வார்ப்பிரும்புச் சக்கரத்தில் விரிசல் கண்டால் பட்டி வைத்து மெழுகி, மேலே வர்ணம் அடித்துவிடுவார். பார்வைக்குக் கல்யாணப் பெண் மாதிரி இருக்கும். வேகமாகச் சுழலும்போது அந்தச் சக்கரம் பிளந்தால் கத்தியும் இரும்பும் எங்கே பாயும் என்று யார் சொல்ல முடியும்?

வாங்குகிறவர் பார்க்க வேண்டியவை

மோட்டாருக்கு வரும் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, சக்கரத்தைச் சின்னச் சுத்தியால் மெல்லத் தட்டுங்கள். சந்தையில் மண்பானையைத் தட்டிப் பார்ப்பதில்லையா? அதே முறைதான். நல்ல வார்ப்பு கணீரென்னும். விரிசல் விட்டது மந்தமாகச் சத்தமிடும். பிறகு சக்கரத்தின் விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். லொடலொடத்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. காய்ந்த தட்டை ஒன்றைச் செருகி, சக்கரத்தைக் கையாலேயே சுற்றச் சொல்லுங்கள். சுத்தமாக அறுபட வேண்டும். நாராகத் தொங்கினால் கத்திக்கும் தகட்டுக்கும் இடைவெளி அதிகம்.

எல்லாவற்றுக்கும் மேலாகக் காப்பு மூடிகள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். பழைய மிஷின் கைமாறும்போது முதலில் காணாமல் போகிறவை இவைதான். சக்கரத்துக்கும் பெல்ட்டுக்கும் மூடி வேண்டும். தட்டு ஊட்டும் தொட்டி, கை உருளையை எட்டாத அளவுக்கு நீண்டிருக்க வேண்டும். உருளையைச் சட்டென்று நிறுத்தவோ பின்னோக்கிச் சுற்றவோ செய்யும் நெம்புகோல் வேலை செய்ய வேண்டும்.

கதிரடிக்கும் யந்திரங்களில் கை இழந்தவர்கள் பெருகியதால் 1983-ல் அபாயகரமான யந்திரங்களை ஒழுங்குபடுத்த மத்திய அரசு ஒரு சட்டமே கொண்டுவர நேர்ந்தது. ஆனால் மூடி இல்லாத மிஷினுக்கு முன்னால் அந்தி மங்கலில் அவசர அவசரமாகத் தட்டு ஊட்டும் பெண்ணுக்குப் பக்கத்தில் சட்டம் வந்து நிற்குமா? மூடிதான் நிற்கும்.

வர்ணத்தை இகழ்வதற்கில்லை. துருவைத் தடுப்பது அதுதான். காப்பு மூடிக்கு மஞ்சள் பூசினால் கண்ணுக்கும் எச்சரிக்கை. ஆனால் அது கடைசியில் வர வேண்டிய விருந்தாளி. விற்கிறவர் நூறு இருநூறு குறைத்துத் தருகிறேன், மூடி இல்லாமல் எடுத்துக்கொள்ளுங்கள் என்றால், வேண்டாம் என்று எழுந்து வந்துவிடுங்கள். மூடியைப் பட்டறையில் மறுபடி செய்துகொள்ளலாம். விரலைச் செய்து தரும் பட்டறை எந்த ஊரிலும் இல்லை.